கையடக்கக் கன்சோலுக்கு அடுத்து என்ன விளையாட்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகள் வைத்திருக்கிறேன். அடுத்ததைத் தேட எங்கே தொடங்குவது?

உங்கள் கன்சோலிலேயே தொடங்குங்கள். நின்டெண்டோவின் ஸ்விட்சில் உங்கள் பயனர் பக்கத்தைத் திறந்தால், எந்த விளையாட்டை ஏறத்தாழ எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்ற கணக்கு இருக்கும். கணினி விளையாட்டுகளை ஆடும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் அந்தந்த விளையாட்டின் பக்கத்திலேயே இருக்கும். எல்லோரும் கொண்டாடியதால் வாங்கிய பெரிய விளையாட்டு மூன்று மணி நேரத்தோடு நின்றிருக்கும். எப்போதோ தள்ளுபடியில் வாங்கிப் போட்ட புதிர் விளையாட்டு அறுபது மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அந்தக் கணக்கைக் கேளுங்கள்.

பிறகு, நடுவில் விட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஏன் விட்டீர்கள் என்று யோசியுங்கள். கடினமாக இருந்ததா? கதை ஒட்டவில்லையா? இல்லை, பத்து நாள் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, எங்கே நிற்கிறோம், எதற்காக இங்கே வந்தோம் என்றே புரியாமல் போயிற்றா? என்னிடம் யோசனை கேட்பவர்கள் அதிகம் சொல்வது இந்தக் கடைசிக் காரணத்தைத்தான். நானும் அப்படிப் பல நல்ல விளையாட்டுகளைக் கைவிட்டிருக்கிறேன். அதனால் ஒரு விளையாட்டைப் பரிந்துரைக்கும் முன் நான் பார்ப்பது இரண்டே விஷயங்கள்: நினைத்த இடத்தில் நிறுத்த விடுகிறதா? திரும்பி வரும்போது விட்ட இடத்தில் கைபிடித்துக் கொண்டுபோய் நிறுத்துகிறதா? கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த அளவுகோலை வைத்தே சொன்னவை.

கன்சோலை உறங்க வைத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாமே. அப்புறம் என்ன கவலை?

அது உண்மையிலேயே அருமையான வசதி. நின்டெண்டோ டிஎஸ் 2004-ல் வந்தபோது, மூடியைச் சட்டென்று மூடினால் விளையாட்டு அப்படியே உறங்கியது, திறந்தால் அதே நொடியில் விழித்தது. கையடக்கக் கன்சோல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலானவை ஏற்றுக்கொண்டுவிட்டன.

ஆனால் உறக்கம் காப்பாற்றுவது கன்சோலின் நினைவை மட்டும். ஒரு பெரிய எதிரியோடு மோதும்போது பாதியில் மூடிவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். திரை விழித்த நொடியிலேயே அடி விழும். எந்தப் பொத்தான் எதற்கென்று விரல்கள் தேடிக்கொண்டிருக்கும். தவிர, ஸ்விட்ச் ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டைத்தான் உறக்கத்தில் வைத்திருக்கும். நடுவில் இன்னொன்றைத் திறந்தால் முதலாவது மூடப்படும், சேமிக்காத பகுதி போய்விடும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம், 2018-ல் வந்த 'செலஸ்ட்'. மடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். ஒவ்வொரு திரையும் தனிச் சவால். முள்ளில் பட்டுச் செத்தால் கண் இமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்பாள். ஆகவே நீங்கள் மறந்துபோனாலும் இழப்பது சில நொடிகள் மட்டும். முதல் நான்கைந்து சாவுகளிலேயே தாவலும் பாய்ச்சலும் விரலுக்குத் திரும்பி வந்துவிடும். கடினமான விளையாட்டு என்ற பெயர் இதற்கு உண்டு, ஆனால் இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கும் விளையாட்டுகள் குறைவு.

எனக்குக் கிடைப்பதே பத்து, பதினைந்து நிமிடத் துண்டுகள்தான். அதற்கு எது பொருந்தும்?

என் முதல் பதில் எப்போதும் 'இன்டு த ப்ரீச்'. 2018-ல் வந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட சிறு பலகை, உங்களிடம் மூன்று இயந்திரங்கள், எதிரே ராட்சதப் பூச்சிகள். இதன் சிறப்பு என்னவென்றால், பூச்சிகள் அடுத்து யாரை அடிக்கப் போகின்றன என்பதை முன்னதாகவே காட்டிவிடும். ஒரு குடியிருப்பைக் குறிவைத்து ஒரு பூச்சி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொல்லப் போதிய பலம் உங்களிடம் இல்லை. ஆனால் பக்கவாட்டில் நின்று ஒரு கட்டம் தள்ளினால் போதும், அதன் அடி பக்கத்தில் நிற்கும் இன்னொரு பூச்சியின் மேல் விழும். அல்லது அது தண்ணீரில் விழுந்து மூழ்கும். இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் அவசரப்படுத்துவதில்லை. நடுவில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போகலாம். ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும், தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அந்த அறுபத்து நான்கு கட்டங்களிலேயே எழுதியிருக்கும்.

சீட்டாட்டம் பிடித்தவர்களுக்கு 2024-ல் வந்த 'பலாட்ரோ'. போக்கர் ஆட்டத்தின் சீட்டுச் சேர்க்கைகளை வைத்துப் புள்ளி சேர்ப்பது, நடுநடுவே ஜோக்கர்களை வாங்கி அந்தப் புள்ளிகளைப் பெருக்குவது, இவ்வளவுதான். போக்கர் தெரியாவிட்டாலும் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: பத்து நிமிடம் என்று உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போயிருக்கும். சீட்டுகளை வைத்துச் சண்டையிட்டுக் கோபுரம் ஏறும் 'ஸ்லே த ஸ்பையர்' இதற்கு அண்ணன். சண்டையின் நடுவில் வெளியேறினால் அந்தச் சண்டையின் தொடக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம், அதுவரை ஏறிய படிகள் அப்படியே இருக்கும்.

எண்களைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பிப் படம் வரையும் 'பிக்ராஸ்' வகையையும் தள்ளிவிடாதீர்கள். 1995-ல் நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கன்சோலான கேம் பாயில் 'மரியோஸ் பிக்ராஸ்' வந்தது, அதற்குப் பிறகும் அது கையடக்கத் திரைக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

'ஸ்டார்ட்யூ வேலி'யை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் பிடிக்குமா?

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், மீன் பிடிப்பதும், ஊராரோடு மெல்ல மெல்லப் பழகுவதும் உங்களுக்கு அலுக்காது என்றால் பிடிக்கும். எரிக் பரோன் என்ற ஒருவரே படம், இசை, நிரல் எல்லாவற்றையும் செய்து 2016-ல் வெளியிட்டது. இதில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 நிமிடம். படுக்கைக்குப் போனால்தான் சேமிப்பு ஆகும். எனவே "இன்றைக்கு ஒரு நாள்" என்று எடுத்து ஆடி வைத்துவிடலாம். நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பினால் வயலே நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று சொல்லிவிடும்.

நீளமான கதையில் மூழ்க ஆசை. ஆனால் நூறு மணி நேர விளையாட்டு எதையும் நான் முடித்ததில்லை.

குறை உங்களிடம் இல்லை. நூறு மணி நேர விளையாட்டுகளில் பெரும்பாலானவை, ஆடுபவர் நாள் தவறாமல் வருவார் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. நடுவில் மூன்று வாரம் போய்விட்டால் எந்தப் பாத்திரத்திடம் என்ன ஆயுதம், யார் யாருக்குப் பகை, அடுத்த ஊர் எது என்று எல்லாம் குழம்பிவிடும்.

ஆகையால் கதை நினைவூட்டும் வசதி உள்ளவற்றைத் தேடுங்கள். 'டிராகன் குவெஸ்ட் 11 எஸ்' இதற்கு நல்ல உதாரணம். சேமித்த கோப்பைத் திறக்கும்போதே இதுவரை நடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடும். சண்டைகள் முறைவைத்து நடப்பவை, வேகம் தேவையில்லை. இந்த வசதி புதியது என்று எண்ண வேண்டாம். கேம் பாய் அட்வான்ஸில் 2004-ல் வந்த 'போக்கிமான் ஃபயர் ரெட்', 'லீஃப் கிரீன்' இரண்டும், திறந்தவுடன் நீங்கள் கடைசியாகச் செய்த சில காரியங்களைப் பழைய புகைப்படம்போல நிறம் மங்கிய காட்சிகளாக ஓட்டிக் காட்டிய பிறகே ஆட விட்டன. இருபது ஆண்டுகளுக்கு முன்பே கன்சோலில் செருகும் ஒரு சின்ன விளையாட்டு அட்டையில், அதாவது கார்ட்ரிட்ஜில், இதை யோசித்துச் செய்தவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிந்த கதைகளும் நல்ல வழி. 'ஏஸ் அட்டர்னி' தொடரில் நீங்கள் வழக்கறிஞர். சாட்சி சொல்வதை வரிவரியாகக் கேட்டு, எங்கே முரண் இருக்கிறதோ அங்கே ஆதாரத்தை நீட்டி மறுக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கும் ஒரு நீள்கதை அளவு. சேகரித்த ஆதாரங்கள் அனைத்தும் வழக்குப் பதிவேட்டில் விளக்கத்தோடு இருக்கும், மறந்தால் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். முதன்முதலில் 2001-ல் ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தது, இன்று முதல் மூன்று விளையாட்டுகளின் தொகுப்பு ஸ்விட்சில் கிடைக்கிறது.

'பெர்சோனா 5 ராயல்' மிகச் சிறந்த விளையாட்டு, அதில் ஐயமில்லை. ஆனால் நூறு மணி நேரத்தைத் தாண்டும். அடுத்த இரண்டு மூன்று மாதம் அதை மட்டும் ஆடுவேன் என்ற உறுதி இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் தள்ளிப் போடுங்கள்.

செல்டாவும் மரியோவும் முடித்தாயிற்று. அதேபோன்ற நிறைவு வேறு எதில் கிடைக்கும்?

செல்டா தொடரின் 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' உங்களுக்கு ஏன் பிடித்தது என்பதைப் பொறுத்தது. அதில் 120 சிறு கோயில்கள் உண்டு, அதன் தொடர்ச்சியான 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்'மில் 152. பரந்த வெளியைவிட அந்தக் கோயில் புதிர்கள்தான் பிடித்தன என்றால் நீங்கள் உள்ளத்தில் புதிர் ஆட்டக்காரர். வெளியில் அலைவதுதான் பிடித்தது என்றால் 'எ ஷார்ட் ஹைக்' எடுத்துப் பாருங்கள். ஒரு சிறு தீவு, உச்சிக்கு ஏற வேண்டும், வழியில் சந்திப்பவர்களோடு பேசலாம், சிறகு விரித்து இறங்கலாம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடித்த மகிழ்ச்சியைக் கொடுக்கும் விளையாட்டு ஒன்றாவது எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பூட்டிய கதவுகளும் புதிய திறன்களும் பின்னிய உலகம் வேண்டுமென்றால் இரண்டு பெயர்கள்: 2021-ல் வந்த 'மெட்ராய்டு ட்ரெட்', 2017-ல் வந்த 'ஹாலோ நைட்'. இரண்டும் உயர்ந்தவை. ஆனால் இடைவெளி விட்டு ஆடுபவருக்கு இரண்டும் ஒன்றல்ல. 'ட்ரெட்'டில் வரைபடம் தாராளமானது. எந்தக் கதவு எந்த வகை, எந்த இடத்தில் இன்னும் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று குறித்துக் காட்டும். 'ஹாலோ நைட்'டில் ஒவ்வொரு பகுதியின் வரைபடத்தையும் கார்னிஃபர் என்ற பாத்திரத்தைத் தேடிப் பிடித்து வாங்க வேண்டும், எங்கே நிற்கிறீர்கள் என்று அறியக்கூடத் தனியாக ஒரு தாயத்து அணிய வேண்டும். தொலைந்துபோகும் உணர்வுக்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள், தொடர்ந்து ஆடும்போது அந்த உணர்வு அபாரமானது. ஒரு மாதம் விட்டுவிட்டு வந்தால் அதுவே சுவராகிவிடும். விடுமுறை போல நேரம் சேர்ந்து கிடைக்கும்போது 'ஹாலோ நைட்', மற்ற நேரங்களில் 'ட்ரெட்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் வேகம் எனக்குக் கிடையாது. எதை எடுத்தாலும் தோற்றுவிடுகிறேன்.

மேலே சொன்ன 'இன்டு த ப்ரீச்', 'பலாட்ரோ', 'ஏஸ் அட்டர்னி' மூன்றிலும் வேகத்துக்கு வேலையே இல்லை. ஓடித் தாவும் விளையாட்டும் வேண்டும் என்றால் 'செலஸ்ட்'டின் உதவி முறையை இயக்குங்கள். ஆட்டத்தின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம். 'ஹேடீஸ்' விளையாட்டில் 'கடவுள் முறை' என்று ஒன்று உண்டு. தொடக்கத்தில் உங்கள் மேல் விழும் அடியை 20 விழுக்காடு குறைக்கும், நீங்கள் ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 விழுக்காடு சேரும், 80 வரை போகும். தோல்வியே பலமாக மாறுகிறது. இவற்றைப் பயன்படுத்தக் கூச்சப்படத் தேவையில்லை, செய்தவர்களே இவற்றை விளையாட்டின் ஒரு பகுதியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

எழுத்துகள் மிகச் சிறியதாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

தொலைக்காட்சியை மனத்தில் வைத்துச் செய்த விளையாட்டுகளில் இந்தத் தொல்லை உண்டு. ஸ்விட்சின் திரை 6.2 அங்குலம், ஸ்விட்ச் லைட் 5.5 அங்குலம்தான். ஸ்விட்ச் அமைப்புகளில் பெரிதாக்கும் வசதியை இயக்கிவிட்டால், ஹோம் பொத்தானை இருமுறை அழுத்தித் திரையின் எந்தப் பகுதியையும் பெரிதாக்கிப் படிக்கலாம். ஆனால் வரிக்கு வரி அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. வசனம் நிறைந்த விளையாட்டு என்றால் வாங்கும் முன் டெமோ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உங்கள் திரையிலேயே போட்டுப் படித்துப் பாருங்கள்.

பழைய கேம் பாய் அட்வான்ஸ் ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. அதற்கு என்ன சேர்க்கலாம்?

கொடுத்து வைத்தவர் நீங்கள். முதலில் எது எதில் ஓடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், இதில்தான் பலரும் தவறி வாங்குகிறார்கள். 2001-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸும் பின்னால் வந்த எஸ்பி மாதிரியும் பழைய கேம் பாய், கேம் பாய் கலர் கார்ட்ரிட்ஜுகளையும் ஏற்கும். கேம் பாய் மைக்ரோ ஏற்காது. டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுகள் ஓடும், பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜுகள் ஓடாது. டிஎஸ்ஐ மாதிரியில் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கான துளையே இல்லை.

வாங்க வேண்டியவற்றில் முதலில் 'அட்வான்ஸ் வார்ஸ்'. பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டு, வண்ணமயமான தோற்றம், உள்ளே கூர்மையான கணக்கு. போரின் நடுவில் நிறுத்தி வைக்கலாம். அடுத்து 'ஃபயர் எம்ப்ளம்'. இதில் போரில் இறந்த வீரர் இறந்தவர்தான், அடுத்த அத்தியாயத்துக்கு வரமாட்டார். அதனால் ஒவ்வொரு நகர்வுக்கும் கை தயங்கும். அந்தத் தயக்கத்தின் நடுவில் கன்சோலையே அணைத்துவிட்டாலும், மறுபடி இயக்கும்போது நீங்கள் செய்த கடைசி நகர்வுக்குப் பின் அப்படியே நிற்கும். உறக்க நிலை பரவலாக இல்லாத காலத்தில் இதைச் செய்திருந்தார்கள். பிறகு 'மெட்ராய்டு ஃபியூஷன்', 'ஜீரோ மிஷன்', 'செல்டா: த மினிஷ் கேப்', 'கோல்டன் சன்' என்று பட்டியல் நீளும்.

அந்தக் கார்ட்ரிட்ஜுகள் கிடைக்கவில்லையென்றால் கவலை வேண்டாம். ஸ்விட்சின் இணையச் சந்தாவில் கேம் பாய் விளையாட்டுகள் உண்டு, அதன் கூடுதல் பிரிவில் அட்வான்ஸ் விளையாட்டுகளும் உண்டு. எந்த நொடியிலும் நிறுத்திச் சேமிக்கும் வசதி அங்கே கூடுதலாகக் கிடைக்கும்.

பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

போக்கிமான் கார்ட்ரிட்ஜுகளில்தான் போலி மிக அதிகம். அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அசலின் ஒட்டுத்தாளில் இரண்டு இலக்க எண் ஒன்று மை இல்லாமல் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். கீழே தங்க நிற முனைகளுக்குச் சற்று மேலே, பலகையில் நின்டெண்டோ பெயர் பொறித்திருப்பது துளை வழியே தெரியும். டிஎஸ்ஸுக்கான 'ஹார்ட் கோல்ட்', 'சோல் சில்வர்', 'பிளாக்', 'ஒயிட்' ஆகியவற்றின் அசல் கார்ட்ரிட்ஜில் அகச்சிவப்புக் கருவி இருப்பதால் அதன் உறை கறுப்பாக இருக்கும். சாதாரணச் சாம்பல் நிறத்தில் யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி. பழைய கேம் பாய் விளையாட்டுகளில் பலவும் சேமிப்பைக் காப்பாற்றுவது இந்தப் பேட்டரியால். தீர்ந்தால் சேமிப்பு அழிந்துவிடும். கடிகாரமும் ஓடும் 'போக்கிமான் கோல்ட்', 'சில்வர்' போன்றவற்றில் அது விரைவாகவே தீரும். அட்வான்ஸில் வந்த 'ரூபி', 'சஃபயர்', 'எமரால்ட்' மூன்றிலும் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். அது தீர்ந்தாலும் சேமிப்பு பத்திரமாக இருக்கும், நேரத்தை வைத்து நடக்கும் நிகழ்வுகள் மட்டும் நின்றுபோகும். இது தெரியாமல் நல்ல கார்ட்ரிட்ஜைக் கெட்டுவிட்டது என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

சோனியின் பழைய கையடக்கக் கன்சோல்களான பிஎஸ்பி, வீட்டா வைத்திருப்பவர்களுக்கு?

பிஎஸ்பி என்றால் 'லுமினஸ்', 'பாட்டபான்' இரண்டும் கட்டாயம். 'பாட்டபான்'னில் நான்கு தாளம் தட்டினால் கண் மட்டுமே உள்ள குட்டிப் படை பாடிக்கொண்டே முன்னேறும். "பாட்டா பாட்டா பாட்டா பான்" என்றால் நடை. தாளம் பிசகினால் படை தடுமாறி நிற்கும். விளையாடி முடித்த பிறகும் அந்தத் தாளம் விரலைவிட்டுப் போகாது.

வீட்டாவில் பிஎஸ்பியின் விளையாட்டுத் தட்டைச் செருகும் வசதி இல்லை, பிஎஸ்பி விளையாட்டுகளைப் பதிவிறக்கித்தான் ஆட வேண்டும். மெமரி கார்டும் அதற்கென்றே உள்ள தனி வகை. 'கிராவிட்டி ரஷ்', 'டேர்அவே' இரண்டும் அந்தக் கருவியை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை, அவற்றை அதிலேயே ஆடிப் பாருங்கள். 'பெர்சோனா 4 கோல்டன்' இப்போது பிற கருவிகளிலும் வந்துவிட்டது.

கார்ட்ரிட்ஜாக வாங்குவதா, பதிவிறக்குவதா?

அடிக்கடி எடுத்து ஐந்து நிமிடம் ஆடுபவற்றைப் பதிவிறக்கி வையுங்கள். 'இன்டு த ப்ரீச்' ஆட கார்ட்ரிட்ஜைத் தேடி மாற்ற வேண்டும் என்றால் எடுக்கவே மாட்டீர்கள். ஒருமுறை ஆடி முடித்துக் கைமாற்றக்கூடிய பெரிய கதை விளையாட்டுகளை கார்ட்ரிட்ஜாக வாங்கலாம்.

இடமும் ஒரு கணக்கு. முதல் ஸ்விட்சில் 32 ஜிபி, ஓலெட் மாதிரியில் 64, ஸ்விட்ச் 2-ல் 256. ஸ்விட்ச் 2-க்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகை கார்டுதான் வேண்டும், பழைய கார்டை அதில் போட்டு விளையாட்டுகளை வைக்க முடியாது. அதோடு ஸ்விட்ச் 2-க்கான பெட்டிகளில் சிலவற்றில் வருவது சாவி கார்டு. கார்டில் விளையாட்டு இருக்காது, அதைச் செருகிவிட்டு முழுவதையும் பதிவிறக்க வேண்டும். பெட்டியின் முன்புறத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஸ்விட்சில் கார்ட்ரிட்ஜாக வாங்கினாலும் உங்கள் சேமிப்பு அதில் இருக்காது, கன்சோலின் உள்ளே இருக்கும். கார்ட்ரிட்ஜை நண்பருக்குக் கொடுத்தாலும் உங்கள் ஆட்டம் உங்களிடமே இருக்கும். இணையச் சந்தா மூலம் காப்புப் பிரதி எடுத்து வைக்காவிட்டால், கன்சோல் தொலைந்தால் சேமிப்பும் தொலையும்.

இணையக் கடைகள் என்றைக்கும் திறந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். டிஎஸ்ஸுக்குப் பின் வந்த நின்டெண்டோ 3டிஎஸ்ஸின் கடை 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தியது. பதிவிறக்கமாக மட்டுமே வந்த விளையாட்டுகளை அதற்குப் பிறகு வாங்க வழியில்லை. உங்கள் கன்சோலின் கடை இன்னும் திறந்திருந்தால், பெட்டியில் வராத நல்ல விளையாட்டுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஸ்டீம் டெக்கில் எல்லாமே ஓடுமா?

ஓடாது. கடையில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் டெக்கில் சரிபார்க்கப்பட்டதா, சில மாற்றங்களோடு ஆடக்கூடியதா, ஆதரவற்றதா என்ற குறி இருக்கும். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளின் காரணமாக 'ஃபோர்ட்நைட்', 'டெஸ்டினி 2' போன்றவை டெக்கின் சொந்த இயங்குதளத்தில் ஓடுவதில்லை. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். எனவே முதல் இரண்டு மணி நேரத்தைக் கதையில் செலவழிக்காமல், எழுத்து படிக்க முடிகிறதா, பேட்டரி எவ்வளவு தாங்குகிறது, உறக்கத்திலிருந்து ஒழுங்காக விழிக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்துங்கள்.

குழந்தையோடு சேர்ந்து ஆட எது நல்லது?

'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்'. அதில் யோஷியையோ நாபிட்டையோ குழந்தைக்குக் கொடுத்தால் எதிரிகள் பட்டாலும் அடி விழாது. 'கிர்பி அண்ட் த ஃபர்காட்டன் லேண்ட்' இருவர் ஆட இன்னும் மென்மையானது. 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்'ஸில் வண்டி பாதையை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் உதவி உண்டு. உங்களிடம் இருப்பது ஸ்விட்ச் லைட் என்றால் கைப்பிடிகள் கழலாது, தொலைக்காட்சியிலும் இணைக்க முடியாது. இரண்டாமவருக்குத் தனிக் கட்டுப்படுத்தி வாங்க வேண்டியிருக்கும்.

வாங்கிக் குவித்தவை அப்படியே கிடக்கின்றன. நிறுத்த முடியவில்லை.

முகப்புத் திரையில் மூன்றை மட்டும் வையுங்கள்: துண்டு நேரத்துக்கு ஒன்று, இரவில் மூழ்க ஒன்று, இன்னொருவரோடு ஆட ஒன்று. மற்றவற்றைக் கன்சோலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஸ்விட்சில் விளையாட்டை நீக்கினாலும் சேமிப்பு அழியாது, வேண்டும்போது மறுபடி பதிவிறக்கலாம். மூன்றில் ஒன்று முடிந்தாலோ மனம் விலகினாலோ அந்த இடத்துக்கு மட்டும் புதியது. தள்ளுபடி அறிவிப்பு வந்தால் விருப்பப் பட்டியலில் போட்டு வைக்கலாம், தள்ளுபடிகள் திரும்பத் திரும்ப வரும்.

சரி, ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

'செல்டா: லிங்க்ஸ் அவேக்கனிங்'. 1993-ல் கேம் பாயில் வந்தது, 1998-ல் வண்ணம் பெற்றது, 2019-ல் ஸ்விட்சுக்காகப் புதிதாகச் செய்யப்பட்டது. உங்கள் கன்சோல் எதுவோ அதற்கேற்ற பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புயலில் படகு உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறான் லிங்க். தீவு சிறியது, ஒவ்வொரு புதருக்குப் பின்னும் ஏதாவது இருக்கும், கதை கடைசியில் மனத்தை உலுக்கிவிடும்.

நான் இதையே சொல்வதற்கு இன்னொரு காரணம், அந்த ஊரில் இருக்கும் உல்ரிரா என்ற முதியவர். வீட்டுக்குப் போய் நேரில் பேச்சுக் கொடுத்தால் கூச்சத்தில் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் தீவெங்கும் ஆங்காங்கே தொலைபேசிக் குடில்கள் இருக்கின்றன. எத்தனை நாள் கழித்து வந்தாலும், அதில் ஒன்றில் நுழைந்து அவரை அழைத்தால் போதும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.